கண்ணாடிப் பெட்டியும் மேற்கோள் கணக்கும்

மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார், அவற்றை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதில் பி.காம். படிக்கிறவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. எண்ணுவதும் எண்ணியதைப் பேரேட்டில் ஏற்றுவதும்தான் எங்கள் பாடம். எதை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்று தெரியாமல் போட்ட கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு இவரைப் போல் நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். 1951ல் பிறந்தவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். மெட்ராஸ் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பி.எச்டி. 1983ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் டியகோவுக்கு வாத்தியாராகப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஸ்டான்லியில் மாணவராக இருந்த 1970களின் தொடக்கத்திலேயே, இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை எப்படி உணர்கின்றன என்பது பற்றி எழுதி 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர். நம் வயதில் என்று படிக்கும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

பெயரிலேயே ஒரு வேடிக்கை. 'வி' என்பது விளையனூர், குடும்பத்தின் ஊர்ப்பெயர். 'எஸ்' என்பது அப்பா சுப்பிரமணியன். நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆனால் வெள்ளைக்காரப் பத்திரிகைகள் விளையனூர் என்பதை அவருடைய சொந்தப் பெயர் என்றும் ராமச்சந்திரன் என்பதைக் குடும்பப் பெயர் என்றும் எடுத்துக்கொண்டன. மேற்கோள் அட்டவணைகளும் அதே வழக்கத்தில் கட்டப்பட்டவைதான். குடும்பப் பெயர் முன்னால், எழுத்துகள் பின்னால். குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத தமிழ்நாட்டு ஆய்வாளர்களை இந்த முறை படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஆள் ஒரு கட்டுரையில் அப்பா பெயரைக் கடைசியில் போடுவார், இன்னொன்றில் தன் பெயரைப் போடுவார், கணக்கு இரண்டு ஆளாகப் பிரிந்துவிடும். மாறாக ராமச்சந்திரன்கள் பலர் ஒரே வரியில் வந்து விழுவதும் உண்டு. புரதங்களின் வடிவத்துக்கு 1963ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 'ராமச்சந்திரன் வரைபடம்' கொடுத்த ஜி. என். ராமச்சந்திரன் வேறு ஆள். இணையத்தில் இருவரையும் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கணக்குப் பிழை தொகையில் இல்லை, கணக்கின் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

சரி, அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்களுக்கு, இல்லாத அந்த உறுப்பு இன்னும் இருப்பது போலவே தோன்றும். அரிக்கும், வலிக்கும், விரல் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துவது போல் இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர்தான் 1871ல் இதற்கு 'பேய் உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். அதற்குப் பின் நூறு வருஷத்துக்கு மேல் மருத்துவர்களுக்கு இது விளங்காத விஷயமாகவே கிடந்தது. வெட்டிய இடத்து நரம்பு கோளாறு செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். பல பேருக்கு வலி போகவில்லை.

1991ல் டிம் பான்ஸ் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பல வருஷம் கையிலிருந்து உணர்வு எதுவும் வராமல் போன குரங்குகளின் மூளையில், கைக்குரிய பகுதி முகத்தைத் தொட்டால் வேலை செய்தது. ராமச்சந்திரன் இதைப் படித்தார். மூளையின் உணர்வு வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். அப்படியானால் மனிதனுக்கும் இப்படி இருக்குமா? கை இழந்த ஒரு இளைஞனின் கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டீர்கள், கூடவே என் இல்லாத கையின் விரலையும் தொட்டீர்கள் என்று பதில் வந்தது. 1992ல் இது கட்டுரையாக வந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு பஞ்சுக் குச்சி.

அடுத்ததும் இதே மாதிரிதான். சிலருக்கு அந்தப் பேய்க்கை அசைக்கவே முடியாமல் உறைந்து நிற்கும். அசை என்று மூளை கட்டளை போடுகிறது, அசையவில்லை என்று கண் திருப்பிச் சொல்கிறது. இப்படியே ஆயிரம் தடவை கேட்டு மூளை 'இந்தக் கை அசையாது' என்று பாடம் செய்துகொண்டது என்றால், அந்தப் பாடத்தை அழிக்க முடியுமா? மேல்மூடி இல்லாத ஒரு அட்டைப் பெட்டி, நடுவில் நிமிர்த்தி வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் விட்டு, கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தை இல்லாத கை இருக்கும் இடத்தில் பார்க்க வேண்டும். நல்ல கையை அசைத்தால் இழந்த கை அசைவதாகக் கண் சொல்லும். மோட்டார் சைக்கிள் விபத்தில் கை போய்ப் பத்து வருஷமான ஒருவர் தன் கை மறுபடி அசைவதாக உணர்ந்து பரவசப்பட்டதை ராமச்சந்திரனே எழுதியிருக்கிறார். 1995ல் 'நேச்சர்' இதழில் சிறு குறிப்பு, 1996ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மனைவி டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனோடு சேர்ந்து விரிவான கட்டுரை. அதில் பார்க்கப்பட்டவர்கள் பத்தே பேர்.

இந்தப் பத்துப் பேர் கட்டுரை இன்றுவரை எண்ணற்ற ஆய்வுகளின் அடிக்குறிப்பில் இருக்கிறது. எண்ணற்ற என்று எழுதினேன், ஆனால் எண்ணுவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதன் கதைக்கு வருவோம்.

அது ஆரம்பித்தது விஞ்ஞானியை எடை போட அல்ல, நூலகத்தின் பட்ஜெட்டுக்காக. 1927ல் கலிபோர்னியாவில் பொமோனா என்ற சிறு கல்லூரியில் க்ராஸ் என்ற குடும்பப் பெயருடைய இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். கையில் இருக்கிற காசுக்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்குவது? அமெரிக்க வேதியியல் சங்க இதழின் 1926ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் எந்தெந்த இதழ்கள் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று உட்கார்ந்து எண்ணி, அதிகம் வந்தவற்றை வாங்கச் சொன்னார்கள். சுத்தமான கொள்முதல் கணக்கு. எனக்கு இதில் குறையே தெரியவில்லை.

அதே காலத்தில் நம் பக்கத்தில், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியர் வேலையிலிருந்து 1924ல் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகராக வந்திருந்தார். 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றில் முதலாவது. அவரும் நூலகக் காசைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான். ஆனால் அவர் வாசகர் பக்கமிருந்து பார்த்தார்: எந்தப் புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. இது மேற்கோள் எண்ணிக்கைக்கு நேர் எதிர்ப் பார்வை. ஆனாலும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட் 1984ல் ரங்கநாதனுக்கு அஞ்சலியாக இரண்டு பகுதிகளில் எழுதினார்.

இந்த கார்ஃபீல்டுக்கு யோசனை வந்தது வக்கீல்களிடமிருந்து. ஒரு பழைய தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை மறுத்தன என்று சொல்லும் 'ஷெப்பர்ட்' பட்டியல் அமெரிக்காவில் 1873 முதல் இருந்தது. அதையே விஞ்ஞானத்துக்குச் செய்யலாம் என்று 1955ல் எழுதினார். 1964ல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வந்தது. 613 இதழ்கள், சுமார் 14 லட்சம் மேற்கோள்கள். ஒரு கட்டுரையின் பின்னால் யார் போனார்கள் என்று முன்னோக்கித் தேட முதல்முறையாக ஒரு வழி கிடைத்தது. தேடுவதற்கு என்று செய்ததைத் தரம் போடுவதற்கு மற்றவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். வக்கீல் பட்டியலில் இருந்த ஒரு முக்கியமான விஷயம் இடையில் விழுந்துவிட்டது. ஷெப்பர்டில் ஏற்றதா மறுத்ததா என்று குறி இருக்கும். விஞ்ஞானக் கணக்கில் எல்லாமே ஒன்று, ஒன்று, ஒன்றுதான்.

2005ல் வந்தது ஹெச் இண்டெக்ஸ். கண்டுபிடித்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். எந்த ஊர் தெரியுமா? அதே சான் டியகோ பல்கலைக்கழகம்! கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 40, 12, 5, 3, 1 என்று ஐந்து கட்டுரைகள் என்றால், மூன்று கட்டுரைகளுக்காவது மூன்று மேற்கோளுக்குக் குறையாமல் இருக்கிறது, நான்கு கட்டுரைகளுக்கு நான்கு இல்லை. ஆகவே ஹெச் 3. ஒரே ஒரு கட்டுரை எழுதி ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் ஹெச் 1தான். பத்துப் பத்தாகப் பத்துக் கட்டுரை தேற்றியவருக்கு 10. உலகத்தை மாற்றியவர் ஒன்று, ஒழுங்காக வேலைக்கு வந்து போனவர் பத்து. இதைப் படித்ததும் எனக்கு இன்க்ரிமென்ட் கணக்குதான் ஞாபகம் வந்தது.

ராமச்சந்திரனுக்கு இந்தக் கணக்கில் குறைவில்லை, பல்லாயிரக்கணக்கில் மேற்கோள்கள் உண்டு. அந்த ஆயிரங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

2007ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு சோதனை வந்தது. காலோ பாதமோ இழந்த 22 பேரில் 18 பேர் சோதனையை முடித்தார்கள். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்த பிரிவில் ஒருவருக்குத்தான் குறைந்தது. இது ராமச்சந்திரனின் யோசனைக்குக் கிடைத்த நல்ல சாட்சி, மேற்கோள் ஒன்று. 2018ல் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி கை கால் அசைவில் உதவுகிறது என்றது. அவர் முதலில் நினைத்த நோயை விட வேறொரு நோய்க்குச் சான்று நன்றாகக் கிடைத்திருக்கிறது. இதுவும் ஒன்று.

இன்னொரு பக்கம், 2013ல் டமார் மேக்கின் குழு, பேய்க்கை வலி அதிகமுள்ளவர்களுக்கு மூளையில் கையின் பகுதி முகத்திடம் போய்விடவில்லை, நன்றாகவே இருக்கிறது என்று காட்டியது. 2025ல் அதே தரப்பினர் இன்னும் ஒரு படி போனார்கள். மூன்று பேருக்குக் கையை அகற்றுவதற்கு முன்பும் பின்பும் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில் கையின் வரைபடம் பெரிதாக மாறவில்லை. பஞ்சுக் குச்சி காலத்திலிருந்து பாடப்புத்தகத்தில் இருக்கும் விளக்கத்துக்கே இது சவால். இந்த மாதிரி எழுத 1992 கட்டுரையைச் சொல்லாமல் முடியுமா? முடியாது. ஆகவே மறுத்தவர்களாலும் மொத்தம் கூடிக்கொண்டே போகும். கடன் கொடுத்ததும் கடன் வாங்கியதும் ஒரே பத்தியில் கூட்டல் போட்ட பேரேடு மாதிரி! எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் இதை எழுதினால் பெயில்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. கண்ணாடி நியூரான்கள் என்று இத்தாலியின் பார்மா நகரில் 1990களில் கண்டுபிடித்தார்கள். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று 2000ல் ராமச்சந்திரன் எழுதினார். ஆட்டிசத்துக்கு இந்த நியூரான் பழுதே காரணம் என்கிற கருத்தையும் பரப்பினார். அது நிற்கவில்லை. 2014ல் கிரெகரி ஹிக்காக் இந்த முழு ஆரவாரத்தையும் எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். என் அபிப்பிராயம், பஞ்சையும் கண்ணாடியையும் கையில் வைத்திருந்த ராமச்சந்திரன் பெரிய ஆள். பெரிய வாக்குறுதி கொடுத்த ராமச்சந்திரனிடம் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். ஹெச் இண்டெக்ஸுக்கு இந்த இருவரும் ஒருவரே.

கணக்கில் வராமல் போனதும் நிறைய. 1998ல் சாண்ட்ரா பிளேக்ஸ்லியோடு எழுதிய 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' புத்தகத்தைப் படித்து எத்தனை பேர் மூளை படிக்கப் போனார்கள்? 2003ல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளைச் சென்னையிலும் நிகழ்த்தினார். அதைக் கேட்டவர்களை எந்த அட்டவணையில் ஏற்றுவது? கம்போடியாவில் கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பழக்குகிறார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அடிக்குறிப்பு எதுவும் ஒட்டியிருக்காது. ஒரு கண்டுபிடிப்பு ரொம்பவும் பரவிவிட்டால் செய்தவர் பெயரே தேவைப்படாமல் போய்விடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சொல்லியிருக்கிறார். நியூட்டனை யார் இப்போது மேற்கோள் காட்டுகிறார்கள்?

தமிழ் படிக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். மேற்கோளின் மதிப்பு நமக்குப் புதிதா என்ன. வளையாபதி, குண்டலகேசி இரண்டும் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்துக் காட்டியதால்தான் சில பாட்டுகளாவது தப்பின. தகடூர் யாத்திரைக்கும் அதே கதி. அங்கே யாரும் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரே ஒரு உரையாசிரியர் ஒரே ஒரு தடவை காட்டியிருந்தாலும் அந்தப் பாட்டு பிழைத்தது.

இப்போது நம் ஊர்க் கல்லூரிகளுக்கு வருவோம். 2010ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி முறை கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு. 2016 விதிப்படி பி.எச்டி. ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும். தேவை வந்தால் சப்ளை வரும், இது முதல் வருஷ எகனாமிக்ஸ். காசு கொடுத்தால் நான்கு நாளில் அச்சேற்றும் இதழ்கள் புற்றீசலாகக் கிளம்பின. 2013ல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதிய ஒரு கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட இதழ்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடந்தவை என்பது நமக்குப் பெருமை இல்லை. 2018ல் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. 2022 விதிகளில் பி.எச்டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்பதும் போனது. இந்த இடைப்பட்ட வருஷங்களில் தன் ஸ்காலர்ஷிப்பிலிருந்து காசு எடுத்துக் கட்டிய ஆய்வு மாணவர்கள் எத்தனை பேரோ. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கட்டியிருக்கிறார். அந்தக் கட்டுரையை அவரைத் தவிர ஒருவரும் படித்ததில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நான் சிரிக்கவில்லை.

கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். 2016ல் வந்ததிலிருந்து கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோளும் கல்லூரிக்கே மதிப்பெண் ஆகிவிட்டன. கரிசல் காட்டில் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க வகுப்பெடுக்கிற ஒரு ஆசிரியரையும், தனி லேப் வைத்திருக்கிற ஐ.ஐ.டி. ஆசிரியரையும் ஒரே முழக்கோலால் அளக்கிறார்கள். ராமச்சந்திரன் கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தாரே, காசா முக்கியம் என்று கேட்பீர்கள். கண்ணாடி மலிவுதான். பான்ஸின் கட்டுரை வந்த உடனே அது கையில் கிடைத்ததும், யோசித்துக்கொண்டு உட்கார நேரம் கிடைத்ததும், அனுப்பினால் நோயாளியை விசாரிக்கிற மருத்துவமனை பக்கத்தில் இருந்ததும் மலிவில்லை. இதழ்ச் சந்தா கட்ட முடியாத கல்லூரிகளுக்காகத்தான் சென்னையின் சுப்பையா அருணாச்சலம் போன்ற தகவல் அறிஞர்கள் ஆய்வுகளை எல்லாரும் இலவசமாகப் படிக்க வைக்க வேண்டும் என்று பல காலமாகப் பேசினார்கள். மேற்கோள் கணக்கை நம் நாட்டில் நன்கு அறிந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901ல் தொடங்கியது. மழையை மட்டும் நம்பியிருக்கிற கரிசல் மண்ணுக்கு என்ன பருத்தி, என்ன சோளம் என்று நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கருங்கண்ணிப் பருத்தியில் கே 11 வரைக்கும் அதற்குப் பிறகும், சோளத்தில் கே 8, இப்படி வரிசையாக ரகங்கள். அந்த 'கே' என்பது கோவில்பட்டி. கோயம்புத்தூரில் வந்தால் 'கோ', ஆடுதுறையில் வந்தால் 'ஏடிடி'. ஆய்வு செய்தவர் பெயர் எந்த ரகத்திலும் கிடையாது, ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். விளையனூருக்கு 'வி' மாதிரி.

புரட்டாசியில் விதைக் கடையில் நின்று 'கே எட்டு இருக்காண்ணே' என்று கேட்கிற சம்சாரி ஒவ்வொருவரும் அந்த ஆய்வை மேற்கோள் காட்டிவிட்டுத்தான் பையை வாங்கிக்கொண்டு போகிறார். ரகம் சரியில்லை என்றால் மறு வருஷம் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்.